தன் கட்டுரையை மறுத்து எழுதிய கமலவேணி

ஐயப்பன்தாங்கல் பணிமனையில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது கமலவேணி மேடத்தின் மகன் பிரபுவிடமிருந்து அழைப்பு வந்தது. "சார், அம்மா காலைல போயிட்டாங்க" என்றான். சற்றுப் பொறுத்து, "ஞாயித்துக்கிழம கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க சார். என்னால யார்கிட்டயும் பேச முடியல" என்றான். போன வாரம் மருத்துவமனையில் பார்த்தபோதே நிலைமை எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வந்த பேருந்தில் ஏறாமல் நின்றுவிட்டேன்.

பேராசிரியர் கமலவேணியும் நானும் அம்பத்தூரில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். அவர் அரசியல் அறிவியல், நான் வரலாறு. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆவடியில் அவர் நடத்திய வெளியுறவுக் கூட்டத்துக்கு வந்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உக்ரைனில் போர் தொடங்கியபோது, பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள், தாங்கள் செய்யும் பீரங்கி வண்டிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உதிரிபாகம் வருமா வராதா என்று கேட்டார்கள். அவர் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கினார். "முன்னாடி நாம யார் பக்கமும் இல்லன்னு சொன்னோம். இப்ப எல்லார் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கோம். ஒருத்தர்கிட்ட ஆயுதம் வாங்குறோம், இன்னொருத்தரோட கூட்டுப் பயிற்சி பண்றோம். இது சாமர்த்தியமா, இல்ல ஒருநாள் மாட்டிக்கப் போறோமா? அதைப் பேசுவோம்."

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அசைந்து கொடுத்ததே இல்லை. நம் போர்க்கப்பல்கள் நம் கரைக்கு அருகில் இருந்தால் போதும், செங்கடல் வரை போனால் பெரிய நாடுகளின் சண்டைக்குள் நம்மை இழுத்துவிடுவார்கள் என்று ஒரு சிற்றிதழில் எழுதினார். தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற தேவராஜ் இதைக் கூட்டம் தவறாமல் எதிர்த்தார். ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்தவர். செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்படுவதைச் சொல்லி, "ரோட்ல போற லாரிய அட்சிக்கினு கீறான். நாம ஊட்டாண்டயே நின்னுகினு இருந்தா எப்டி மேடம்?" என்பார். "போய் நின்னா, நீ யார் பக்கம்னு கேப்பான் தேவராஜ். அப்ப என்ன சொல்வீங்க?" என்று இவர் திருப்பிக் கேட்பார். அடுத்த மாதமும் அதே இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

பிரபு, மேடத்தின் ஒரே பிள்ளை. வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் பொறியாளர். அவனுடைய கப்பல் செங்கடலைத் தாண்டும்போது அதன்மீது ட்ரோன் விழுந்து தீப்பிடித்தது. தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் மைக்கோடு ஒரு பெண் நின்றிருந்தார். "பையனப் பத்தி எதுவும் தெரியல. தெரியாம என்னைக் கோபமாப் பேச வைக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு மேடம் கதவைச் சாத்தினார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னது வேறு: "நான் எழுதினபடி நடந்திருந்தா, இப்ப அந்தப் பக்கம் நம்ம கப்பல் ஒண்ணுகூட இருக்காது சார்."

மறுநாள் மதியம் பிரபுவே பேசினான். நம் கடற்படைக் கப்பல் வந்து தீயை அணைத்து, எல்லாரையும் மீட்டிருந்தது. அவனுக்குக் கையில் தீக்காயம். ஃபோனை வைத்த பிறகுதான் மேடம் அழுதார்.

அந்த ஞாயிறும் அவர் கூட்டத்துக்கு வந்தார். வாசலிலேயே தேவராஜ் மறித்தார். "இன்னைக்கு இன்னாத்துக்கு மேடம் கூட்டம்? புள்ள வந்துக்கினு கீறான். ஊட்டுக்குப் போங்க."

"நீங்க எப்பவும் கேக்கறதை இன்னைக்கும் கேளுங்க தேவராஜ்" என்றார்.

தேவராஜ் கேட்கவில்லை. உள்ளே போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். கேட்காத கேள்விக்கு மேடமே எழுந்து பதில் சொன்னார். "கரையோரம் நின்னா போதும்னு எழுதினேன். அது தப்பு." பிறகு தொடர்ந்தார்: "என் பையன் பொழச்சான்னு மட்டும் நான் மாறினா, அது அம்மா பேசறது. அந்தக் கப்பல்ல பிலிப்பைன்ஸ் பசங்க இருந்தாங்க. அவங்க நாட்டுக் கப்பல் பக்கத்துல இல்ல. நம்ம ஆளுங்க கொடியைப் பாக்காம எல்லாரையும் ஏத்திக்கிட்டாங்க. போகலாம். ஆனா இதுக்காகப் போறோம்னு சொல்லிட்டுப் போகணும். வேற யாரோட சண்டைக்கும் இல்ல."

"அத்தத்தான் மேடம் நானும் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார் தேவராஜ்.

"இல்ல. நீங்க போகணும்னு மட்டும்தான் சொன்னீங்க" என்றார் மேடம். அன்று முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இதையே அவர் அந்தச் சிற்றிதழின் அடுத்த இதழில், பழைய கட்டுரையின் தலைப்பைக் குறிப்பிட்டு, மறுப்பாக எழுதினார். இரண்டு தரப்பிலிருந்தும் திட்டு வந்தது. கை ஆறியதும் பிரபு மறுபடி கப்பலுக்குக் கிளம்பினான். "போகாதன்னு சொல்லத்தான் வாய் வருது சார். அவன் வேலை அது" என்றார். விமான நிலையத்துக்கு அவர் போகவில்லை.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, விடுப்பில் வந்திருந்த பிரபு பக்கத்தில் இருந்தான். அடுத்த கூட்டத்துக்கு என்ன தலைப்பு என்று மேடம் கேட்டார். இணையத் தொடர்பு போகும் கடலடிக் கேபிள்களை அறுக்கிறார்களே, அதைப் பற்றி என்றேன். யார் அறுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கப் போவதாகவும் சொன்னேன். அவர் தலையை அசைத்து மறுத்தார்.

"அறுந்தா யாருக்கு என்ன நின்னு போகும்னு மொதல்ல சொல்லுங்க. யார் அறுத்தாங்கன்னு அப்புறம் பேசலாம். நான் ரொம்ப நாள் இதைத் தலைகீழாச் செஞ்சேன்."

உலக அரசியலைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியவற்றில் பாதி இன்றைக்கே பழையதாகிவிட்டது. அடிபட்டவரை முதலில் பார்ப்பது, அடித்தவரைப் பிறகு தேடுவது என்கிற அந்த வரிசையை மட்டும் அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துவைத்துக்கொள்கிறேன்.