பதினாறாம் வளைவு

“ஏழு!”

முன்சீட்டுக் கம்பியில் முதுகைச் சாய்த்து, ஒரு கையால் மணிக்கயிற்றைப் பிடித்தபடி சொரிமுத்து கத்துகிறார். தம்பானூரிலிருந்து பொன்முடிக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர். கல்லாறு தாண்டியதும் மலைப்பாதை. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்று விடாமல் எண்ணுவார். பஸ்ஸில் ஒருவரும் கண்ணயர முடியாது.

நான்காம் வளைவில் பைக்குள்ளிருந்து குரங்குக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொள்வார், வெயிலடித்தாலும். ஒன்பதாம் வளைவில், “வாந்திக்குக் கவர் வேணுங்கறவங்க இப்பவே கேட்டு வாங்கணும். பொறவு என்னைச் சொல்லப்படாது, கேட்டோ” என்று பிளாஸ்டிக் பைகளை நீட்டுவார். கழக்கூட்டத்து கம்ப்யூட்டர் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஒருநாள் ஒரு பெண் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: “அங்கிள், வளைவுக்கு வளைவு போர்டு இருக்கே, நாங்களே வாசிச்சுக்க மாட்டோமா?”

“வாசி மக்கா. மஞ்சு எறங்கி ரோட்டை மூடட்டும், போர்டு எங்கேன்னு நீயே தேடு.”

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கொத்தனாருக்குக் கையாளாகத் தம்பானூருக்கு வந்தேன். இன்று இந்நகரத்தில் நான் எழுப்பிய கட்டடங்கள் நாற்பத்தொன்று. கார் இருக்கிறது. ஆனாலும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு வியாழன்தோறும் பஸ்ஸில்தான் போகிறேன். காரில் போகிறவனுக்கு மனிதர்கள் தெரிவதில்லை. சுவரைத் தட்டிப் பார்த்து உள்ளே செங்கல்லா காறையா என்று சொல்கிறவன் நான். ஆளையும் அப்படியே சொல்வேன். சொரிமுத்துவை மட்டும் முதலில் தவறாக எடைபோட்டேன். வெறும் வாய் என்று நினைத்தேன்.

அந்த மலையில் நிறுத்தங்களுக்குப் பெயர் கிடையாது. வளைவின் எண்தான் முகவரி. “எட்டுக்காரரே, எறங்கும்.” “பதிமூணு, சாக்கை எடு.” பதினாறில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. அவர் “பதினாறு!” என்று கத்தினால், வெளியே இருந்தும் ஒரு சின்னக் குரல் “பதினாறு!” என்று கத்தும். முதல் தடவை மலை எதிரொலிக்கிறது என்று நினைத்தேன்.

“எதிரொலி இல்ல அண்ணாச்சி, பத்மப்ரியா. நம்ம பொன்னம்மைக்க மக. ஏழு வயசு. அம்மைக்காரி வியாழக்கிழமை விதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிட்டு இந்த வண்டியிலதான் வருவா. காட்டெருமை நடமாடுற எடம். நம்பர் காதுல விழுந்தாத்தான் ரோட்டுக்கு வரணும், அதுவரைக்கும் தேயிலைக் கொழுந்து எடைபோடுற ஷெட்டுக்குள்ளயே நிக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்.”

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, நாலரை மணி இருக்கும். அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பதிமூன்று கத்தி முடித்துவிட்டு, “அண்ணாச்சி இந்தத் தொழிலுக்கு எப்பிடி வந்தீங்க?” என்று கேட்டார். கேட்டால் நான் சும்மா இருப்பேனா? மணல் லாரியின் மேல் படுத்துக்கொண்டு தம்பானூருக்கு வந்து இறங்கியதில் தொடங்கினேன். மூன்றாம் மாடிச் சாரம் சரிந்தபோது நான் ஒற்றைக் கையால் தொங்கிய கட்டத்தில் மனிதர் வாய் பிளந்துவிட்டார். “சத்தியமாவா?” என்றார். வண்டி திரும்பியது. இன்னொரு முறையும் திரும்பியதோ என்னவோ, இருவருக்கும் தெரியாது.

திடீரென்று கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வெள்ளை. டிரைவர் வினய் ரோடு தெரியாமல் வேகத்தைக் குறைத்து, “அண்ணா, ஒந்நும் காணான் வய்யா” என்றான்.

பின்னாலிருந்து பொன்னம்மை எழுந்தாள். “அண்ணே, இப்ப எத்தனை?”

சொரிமுத்து வாயைத் திறந்தார். எண் வரவில்லை. “பதினாலா... பதினஞ்சா...”

“நீங்க கத்தவே இல்லையே அண்ணே! பதினாறு தாண்டிட்டா? பிள்ளை அங்க ஒத்தைக்கு நிக்குமே!”

போனில் டவர் இல்லை. அந்தப் பாதையில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கவும் முடியாது.

“வினயே, பிரேக்கைச் சவிட்டு” என்றார் சொரிமுத்து. வண்டி நின்றது. இறங்கினார். நானும் இறங்கினேன், பேசியவன் நான்தானே. ஓரச்சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு கம்பி தட்டுப்பட்டது. மேலே போர்டு, நீர் கோத்து மங்கியிருந்தது. குல்லாவைக் கழற்றித் துடைத்து, போன் வெளிச்சத்தைக் காட்டினார்.

15.

நெடுமூச்சு விட்டார். ஆனால் வண்டியில் ஏறவில்லை. முன்னால் நடந்தார், பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு மாட்டைப் போலப் பின்னால் ஊர்ந்தது. அடுத்த வளைவு திரும்பும் இடத்தில் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்:

“பதினாறு!”

ஒன்றும் கேட்கவில்லை. பொன்னம்மை படியிலிருந்தே குதித்துவிட்டாள்.

“பதினாறு...!” சொரிமுத்து மறுபடியும் கத்தினார்.

“பதினாறு!” என்று வந்தது பதில். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு சிவப்புக் குடை, பிறகு பிள்ளை. “எத்தர நேரமா நிக்கேன் மாமா! ஒங்களுக்கு இன்னைக்குத் தொண்டை கட்டிட்டா?”

பஸ்ஸுக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்த இயர்போன் பெண் இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள். பொன்னம்மை சிரிக்கவில்லை, மகளின் ஈரத் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். இருவரும் ஷெட் பக்கத்துப் பாதையில் இறங்கிக் குடை மறையும்வரை சொரிமுத்து பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து, நனைந்த குல்லாவைப் பிழிந்து மறுபடி மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அன்று கேட்டுவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

அவர் சுட்டுவிரலைத் தன் உதட்டில் வைத்தார். மறு கையால், வண்டியை எடுக்கச் சொல்லி மணிக்கயிற்றை இரண்டு முறை இழுத்தார்.