ஏரிக்கரையில் பழகிய மலை

போன ஞாயிற்றுக்கிழமை காலை முழங்காலில் யூகலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் ஏதோ வந்து விழுந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் பாலு அனுப்பியிருந்தான். குழந்தைகளோடு மலையில் நடக்க ஏற்ற பாதைகள் என்று படங்களோடு ஒரு பக்கம். அதில் ஒன்றை வட்டம் போட்டுக் காட்டி, "லீவுக்கு நீங்க வர்றப்ப இங்க போலாம்பா" என்று எழுதியிருந்தான். சரிவு குறைவு, ஓரத்தில் கைப்பிடிக் கம்பி, நடுநடுவே பெஞ்ச், கீழே கழிப்பறை. சின்னக் குழந்தைகளும் பயமில்லாமல் போகலாம் என்று போட்டிருந்தது. பேரனுக்கு ஐந்து வயது. பொறுப்பான அப்பாவாகத்தான் இருக்கிறான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கைப்பேசித் திரையிலும் தைலம் ஒட்டிக்கொண்டது. அந்த வாசனையும் மலையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு என்ன பெரிய வேலை என்று நீங்கள் கேட்கலாம். பேப்பர் படிக்கும் வேலைதான்.

நாங்கள் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் குடியிருந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு இந்தத் தைல வாசனைதான் அடையாளம். பாலுவுக்கு இழுப்பு. இப்போது வீசிங் என்கிறார்கள். கொஞ்சம் ஓடினால், ஐஸ் தின்றால், பக்கத்து வீட்டில் ஒட்டடை அடித்தால்கூட வந்துவிடும். என் மனைவி வளர்மதி அவன் சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைப்பாள். "மூச்ச இழு... உடு..." என்பாள். உள்ளே பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டால் முகம் வாடிவிடும். "பூனைக்குட்டி வந்துடுச்சுங்க" என்பாள். அப்புறம் தைலம், வெந்நீர், மாத்திரை, ரிக்‌ஷா, ஆஸ்பத்திரி.

ஒரு தடவை ஆஸ்பத்திரியில் அவன் உதடு நீலம் பாரித்ததை அவள் பார்த்துவிட்டாள். அதிலிருந்து பையன் அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஐந்து வயதுப் பையன், கால் இரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கும். கீழ வீதியிலும் மேல வீதியிலும் அவனைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பாள். என்னிடம் கொடு என்றால் தர மாட்டாள். "புள்ளய நல்லா நடக்க உடுங்கம்மா, மூச்சு பழகும்" என்று டாக்டர் சொன்னார். "அவுருக்கென்னா, சொல்லிட்டுப் போயிடுவாரு" என்று வாசலிலேயே அதைத் தள்ளிவிட்டாள். அவள் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீலம் பாரித்த உதட்டை நானும்தான் பார்த்தேன்.

இங்கே என் மச்சான் செல்வத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளர்மதிக்குத் தம்பி. மாணவர் விடுதிகள் இருந்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். மை பட்ட விரலும் வெற்றிலை போட்ட வாயுமாக எப்போதும் ஏதாவது யோசனை சொல்லிக்கொண்டிருப்பான். யோசனைகளில் பாதி தேறாது. இந்த யோசனை தேறியது. "மாமா, டாக்டரு நடக்கத்தான சொன்னாரு. லால்பேட்டைக்கு வெத்தல வாங்கப் போறேன்னு சொல்லிட்டு இவனயும் வண்டியில இட்டாறேன். ஏரிக்கரைல ஏத்தி எறக்குவோம்" என்றான்.

எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது? ஊர் தட்டையாகக் கிடக்கும். கிழக்கே போனால் கிள்ளையில் தண்ணீரும் தட்டை. அதனால் எங்கள் இமயமலை வீராணத்து ஏரிக்கரைதான். வண்டியில் உட்கார்ந்து வருவதுதானே என்று வளர்மதியும் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஒரே வண்டியில் போவோம். கொடிக்காலில் வெற்றிலை வாங்கிவிட்டு, கரையின் சரிவில் பாலுவை விடுவோம். முதல் நாள் அவன் நின்ற இடத்திலேயே நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்புறம் கையும் காலும் ஊன்றி, தவழ்கிற மாதிரி ஏறப் பழகினான். கொஞ்சம் ஏறுவான், புல்லில் உட்காருவான், மறுபடி ஏறுவான். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே உட்கார வேண்டும் என்று அவனே கண்டுபிடித்துக்கொண்டான். உச்சியில் ஏரிக்காற்று முகத்தில் அடித்ததும் சிரித்தான் பாருங்கள். கீழே டீக்கடை பாய், "மாஷா அல்லாஹ், புள்ள மேல ஏறிடுச்சு!" என்று கரண்டியும் கையுமாக வெளியே வந்துவிட்டார்.

அந்தக் கடையின் சமோசாவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வேண்டாம், மலைக்குப் போவோம்.

அடுத்த ஜூனில் பாலுவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வளர்மதி சேர்க்க மாட்டேன் என்றாள். "மூச்சு முட்டுனா டீச்சருக்கு என்னா தெரியும்? நான் வூட்லயே வச்சி சொல்லித்தரேன்" என்றாள். இரண்டு பேருக்கும் பேச்சு வளர்ந்து, கடைசியில் செல்வம்தான் வாயை விட்டான். "அக்கா, மே மாசம் ஏற்காடு போவோம். அங்க சின்னதா ஒரு மல இருக்காம், மேல கோயிலு. புள்ளைங்கள்லாம் நடந்தே போவுமாம். பாலு ஏறிட்டான்னா ஸ்கூலுக்கு அனுப்பு." அவள் பாலுவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "வர்றேன். ஆனா அங்க போயி பூனைக்குட்டி வந்துச்சுன்னா இதோட முடிஞ்சிச்சு. அப்புறம் யாரும் ஸ்கூலுன்னு பேசக்கூடாது" என்றாள். நான் ஒப்புக்கொண்டேன். பையனின் படிப்பையே ஒரு குன்றின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டோமே என்று பயந்துகொண்டுதான் ஒப்புக்கொண்டேன்.

விருத்தாசலம் வரைக்கும் பஸ், அங்கிருந்து சேலத்துக்கு ரயில், அப்புறம் மலை பஸ். வளைவுகளில் பாலு ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்தான். வாந்தி எடுத்தது செல்வம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "வெத்தல ஒத்துக்கல மாமா" என்றான். வளர்மதி குரங்குக் குல்லா, ஃபிளாஸ்க், தைலம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து மடியில் வைத்திருந்தாள். மே மாதத்து வெயிலில் பையனுக்கு இரண்டு ஸ்வெட்டர்.

மறுநாள் காலை கிளம்பும்போது, தங்கியிருந்த இடத்துக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பாதையை விட்றாதீங்க." நாங்கள் தலையை ஆட்டினோம்.

மலைக்குக் கீழே நின்று பார்த்தால் உச்சியில் வெள்ளையடித்த கோயில் பளிச்சென்று தெரிந்தது. பாதை நல்ல பாதை. அகலமாக, நிழலாக, சின்னப் பிள்ளைகள் கைவீசிப் போகும் அளவுக்குச் சாதுவாக இருந்தது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் அது கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பியது. நாங்கள் நின்றுவிட்டோம்.

எங்களைப் போன்ற சிதம்பரத்துக்காரர்களுக்கு இது புரியாது. எங்களுக்கு வழி கேட்டுப் பழக்கம் கிடையாது. கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். வயல் வரப்பில் எங்கே நின்றாலும் நிமிர்ந்து பார்த்தால் கோபுரம் தெரியும். அதைப் பார்த்து நடந்தால் ஊர் வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குச் சுற்றிப் போகிறவனை எங்கள் ஊரில் விவரம் இல்லாதவன் என்பார்கள். "தோ தெரியுது கோயிலு. இந்தப் பாத எங்கியோ போவுது மாமா. நேரா போனா முடிஞ்சிச்சு" என்றான் செல்வம். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அதிசயம், வளர்மதிக்கும் பட்டது. மூன்று பெரியவர்களும் ஒருமனதாகப் பாதையை விட்டுக் காப்பிச் செடிகளுக்குள் நுழைந்தோம்.

நாலு மரம் தாண்டியதும் கோயிலைக் காணோம். கோபுரம் மறையும் என்பது எங்கள் அனுபவத்திலேயே இல்லாத சங்கதி. முன்னால் போனால் தெரியும் என்று போனோம், தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பாதையும் இல்லை. தரை செங்குத்தாகிக்கொண்டே போனது. செல்வம் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்து நின்றான். வளர்மதி பாலுவை இடுப்பில் வைத்தபடி ஒரு கையால் செடியைப் பிடித்தாள். செடி வேரோடு வந்துவிட்டது. அவள் சறுக்கி, முழங்கால் மண்ணில் உரச, மறு கையால் பையனை இறுக்கிக்கொண்டாள்.

"எங்கிட்ட குடு" என்றேன். எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

"எறக்கி உடும்மா" என்றான் பாலு.

அந்தச் சரிவில் இரண்டு கையும் வேண்டும். பிள்ளையையும் வைத்துக்கொண்டு மண்ணையும் பிடிக்க முடியாது. அவள் என்னைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். அப்புறம் அவனைக் கீழே இறக்கினாள். அன்றைக்கு அவள் கை அவனை விட்டதை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாள்.

பாலு ஸ்வெட்டர் இரண்டையும் கழற்றி அவளிடம் கொடுத்தான். கையையும் காலையும் ஊன்றினான். ஏரிக்கரையில் ஏறுகிற அதே ஏற்றம். கொஞ்சம் ஏறினான், ஒரு பாறையில் உட்கார்ந்தான், எங்களுக்காகக் காத்திருந்தான். நாங்கள் இரைக்க இரைக்க வந்து சேர்ந்ததும் அடுத்த பாறைக்குப் போனான். "மெதுவா வாங்கப்பா, நான் இங்கியே ஒக்காந்திருக்கேன்" என்றான். செல்வத்திடம், "மாமா, பேசாம வா. பேசுனா மூச்சு வாங்கும்" என்றான். செல்வம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் வந்தான். கடைசியில் செடிகள் விலகி, அந்தப் பழைய பாதையே எங்கள் முன்னால் வந்து நின்றது. அதில் ஒரு குடும்பம் தோளில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக, பொரி தின்றுகொண்டே போனது. மண்ணும் முள்ளுமாகப் புதருக்குள்ளிருந்து வெளியே வந்த எங்களை அவர்கள் பார்த்த பார்வையை விட்டுவிடுவோம்.

கோயில் வாசலில் வளர்மதி பையனை நிறுத்தி, சட்டையைத் தூக்கி, முதுகில் காதை வைத்தாள். நானும் செல்வமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் காதை எடுக்கவே இல்லை. இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "பூனைக்குட்டி இல்லங்க" என்றாள். உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. செல்வம் சாமி கும்பிடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டான்.

இறங்கும்போது பாதையை விடவில்லை. வழியில் அவள் சொன்னாள், "லால்பேட்டைக்குப் போயி வெத்தல மட்டுந்தான் வாங்குனீங்களா? முட்டியில மண்ணோட வர்ற டவுசர யாரு தொவைக்கிறான்னு நெனச்சீங்க?" எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் வீடு திரும்பியதும் அவள் ஒன்றும் கேட்காமல் அவன் முதுகில் காதை வைத்ததன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜூனில் பாலு பள்ளிக்கூடம் போனான். அதற்கப்புறமும் இழுப்பு வந்தது, வந்து வந்து குறைந்தது, மீசை முளைப்பதற்கு முன்னால் நின்றுவிட்டது. வீட்டிலிருந்து தைல வாசனையும் போனது. இப்போது என் முழங்காலுக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது வளர்மதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "கம்பி இருக்கு, பெஞ்ச் இருக்கு, பாத்ரூம் இருக்கு" என்று வாய்விட்டுப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, இது பேரனுக்குப் பாத்தது இல்ல. அது செவுரேறிக் குதிக்குது, அதுக்கு எதுக்கு கம்பி? நமக்குப் பாத்திருக்கான்."

சுருக்கென்றது. அப்புறம் அந்தப் படங்களுக்குக் கீழே பாலு குரலில் பேசி அனுப்பியிருந்ததைக் கேட்டோம். "அப்பா, அவசரமே இல்ல. நானும் பையனும் முன்னாடி போயி ஒக்காந்திருக்கோம். நீங்க மெதுவா வாங்க."

ஏற்காட்டில் அந்தக் கோயில் வாசல் வரைக்கும் இப்போது கார் போகிறதாம். நாங்கள் தொலைந்த காப்பிச் செடிகளின் இடத்தில் விடுதி கட்டியிருக்கிறார்கள். லால்பேட்டையில் அந்த டீக்கடை இல்லை. நேராகப் போனால் முடிந்தது என்று சொல்ல செல்வமும் இல்லை, எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். கால் தொங்கத் தொங்க இடுப்பில் உட்கார்ந்திருந்த பையன் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைகிறான். அவன் முதுகில் காது வைக்க இனி யாராலும் முடியாது.

"சட்டையத் தூக்குங்க" என்றாள் வளர்மதி.

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா. மூச்ச இழுங்க... உடுங்க..."

முதுகில் அவள் காது சில்லென்று பட்டது. நான் பையனைப்போல மூச்சை இழுத்து விட்டேன். அவள் இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள்.

"பூனைக்குட்டி இல்ல" என்றாள். "வர்றோம்னு சொல்லிடுங்க."