பல்செட்டுக்காரர் செய்த ரஃப் நோட்டு

பல்செட்டுக்காரருக்கு ஊரில் எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்டால் சொல்லி மாளாது. அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஒரு கை விரல் போதும். இருபத்தாறு வருஷமாக அவர் செய்த பல்செட்டுகள் மேடை ஏறிப் பேசுகின்றன, பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுகின்றன, குடும்பப் போட்டோவில் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கின்றன. ஆனால் அவற்றின் சொந்தக்காரர்கள் எதிரே அவரைப் பார்த்துவிட்டால் வாயை இறுக மூடிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். அதைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டில் சொல்லுவார்.

அவர் வேலை செய்வது பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்பக்கம், ஒற்றை ஜன்னல் அறையில். முன்பக்கம் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். பின்பக்கம் இவர் அதில் பிளாஸ்டரை வார்த்து, மெழுகில் பல்லைப் பதித்து, ரோஸ் நிறத்தில் ஈறு செய்து, சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவார். தொழிலில் அவருக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டிருந்தது. வரிசை பிசகாத வெள்ளைப் பல்லை எவனும் நம்பமாட்டான். அதனால் முன்பல் ஒன்றை மயிரிழை திருப்பி வைப்பார். கோரைப்பல்லில் காப்பிக் கறை ஏற்றுவார். அறுபது வயதுக்காரருக்கு அறுபது வருஷத் தேய்மானம் கொடுப்பார். இவர் போடும் கறைக்காகவே வெளியூரிலிருந்து ஆள் வருகிறது என்று டாக்டர் மற்ற டாக்டர்களிடம் பெருமை அடித்துக்கொள்வார். இவரிடம் சொன்னதில்லை.

நாள் முழுக்கக் குறை செய்கிற இந்த மனிதருக்கு வீட்டுக்கு வந்தால் ஒரு தூசி கண்ணில் படக்கூடாது. சட்டையில் ஒட்டிய பிளாஸ்டர் மாவை வாசலிலேயே தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். மகள் படம் வரைந்து முடித்தால் போதும், ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவள் தடவித் தடவிப் போட்ட முதல் கோடுகள், விரல் பட்ட கரி, ஓரத்துக் கிறுக்கல் எல்லாவற்றையும் துடைத்து, ஊதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் அடுக்குவார். ரஃப் தாள்களை வீணாக்காமல் கிளினிக்குக்கு எடுத்துப்போய்ப் பிளாஸ்டர் வாய்களைச் சுற்றி வைக்கப் பயன்படுத்துவார். மகளுக்கு இவர் செய்கிற உதவி என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். மகள்கூட அப்படித்தான் நினைத்தாள்.

அவள் பள்ளிக்கூடம் விட்டதும் கிளினிக்கில் வந்து உட்காருகிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறவர்களை வரைந்து வரைந்துதான் கை பழகியது. பல்வலிக்காரன் எங்கேயும் ஓடமாட்டான், அசையவும் மாட்டான். பதினெட்டு வயதில், ஆர்ட் காலேஜ் தவிர வேறு எதிலும் சேரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மருந்துக் கடையில் பில் போடுகிற அவள் அம்மா, எந்த வியாதிக்கும் மாத்திரை இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போனாள்.

மூன்று காலேஜுக்கு விண்ணப்பித்தார்கள். முதல் காலேஜ், 'நீ யார்?' என்ற கேள்விக்குத் தொண்ணூறு வினாடி வீடியோ கேட்டது. மகள் கேமராவைப் பார்த்து நாற்பது வினாடி யோசித்தாள், மிச்சத்தில் பெயரைச் சொன்னாள். இடமில்லை என்று நேராக எழுதாமல், அவளுடைய பயணத்துக்கு வாழ்த்துச் சொல்லிப் பதில் வந்தது. நாம்தான் இன்னும் டிக்கெட்டே எடுக்கவில்லையே என்றாள் அம்மா.

இரண்டாவது, மேட்டின் மேல் கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டிய பெரிய காலேஜ். வீட்டில் அதற்கு மலைக் காலேஜ் என்று பெயர் வைத்தார்கள். அதன் அறிமுகப் புத்தகத்தில் ஐம்பது படங்கள் இருந்தன. ஒன்றில்கூட யாரும் வரைந்துகொண்டிருக்கவில்லை. எல்லாரும் ஜன்னல் வழியாக எதையோ பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். முடித்த படங்கள் பதினைந்து வேண்டும் என்றிருந்தது, அது தயார். கூடவே, 'உங்கள் தவறுகளோடு நீங்கள் நடத்திய உரையாடலைக் காட்டும் ரஃப் நோட்டு, குறைந்தது நாற்பது பக்கம்' என்றும் இருந்தது. பல்செட்டுக்காரர் அந்த வரியை நாலு தடவை படித்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். பத்து வருஷத் தவறில் ஒரு தாள் மிச்சமில்லை.

மகள் அழுதாள். அம்மா அழவில்லை.

"உங்க சுத்தம் பிள்ளையோட சீட்டத் தின்னுடும் போலிருக்கு. நீங்க செஞ்ச வேல, நீங்களே சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒன்பது நாள்தான் இருந்தது. மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு புது நோட்டில் தவறு செய்ய உட்கார்ந்தாள். இரண்டு நாளில் பன்னிரண்டு பக்கம் முடித்தாள். பல்செட்டுக்காரர் ஒரு புரட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அத்தனையும் வேண்டுமென்றே செய்த தப்பு, ஒவ்வொன்றும் அளவெடுத்து வைத்த மாதிரி நின்றது. இந்த விஷயத்தில் அவர் கண்ணை ஏமாற்ற ஊரில் ஆள் கிடையாது.

டாக்டரிடம் வீட்டில் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். பல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீயில் மூன்று பதத்தில் கறை காய்ச்சினார். பாலிஷ் பொடியால் நோட்டின் மூலைகளை நாலு வருஷத்துக்குத் தேய்த்தார். ஒரு பக்கத்தைக் கிழித்து ஒட்டினார். மனைவியைக் கூப்பிட்டு, ஒரு பக்க ஓரத்தில் கடைச் சாமான் எழுதச் சொன்னார். சோப்பு ரெண்டு, பல்பு ஒண்ணு, கொசுவத்தி என்று அவள் முறைத்துக்கொண்டே எழுதினாள்.

கறையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோட்டைக் கெடுக்கக் கோடு வேண்டுமே. ஒரு கையை வரைந்து கெடுத்தார். கெடுத்தது சரியில்லை என்று ஏழு தடவை வரைந்தார். பிறகு தனக்கு நன்றாகத் தெரிந்ததை வரைந்தார். பல்லெல்லாம் எடுத்த பிறகு, செட்டு வருவதற்கு முன்னால் இருக்கிற வெறும் வாய். உதடு உள்ளே மடிந்து, மோவாய் மூக்கைத் தேடி மேலே ஏறி, கன்னம் குழிந்து கிடக்கிற வாய். ஆயிரக்கணக்கில் பார்த்த வாய். சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிமிர்ந்தபோது, மகளின் பன்னிரண்டுக்கு மேல் அவர் கையால் இருபத்தெட்டுப் பக்கம் ஆகியிருந்தது. அன்றைக்கு மாதிரி அவர் எந்த நாளும் சந்தோஷமாக இருந்ததில்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது.

மகள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சின்னக் குரலில் சொன்னாள். அப்பா முகத்தைப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

மலைக் காலேஜில் நேர்முகத் தேர்வு கண்ணாடி அறையில் நடந்தது. பெற்றோர் வெளியே உட்கார்ந்து பார்க்கலாம், பாதி கேட்கவும் செய்யலாம். மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருக்கு நரைத்த குடுமி, ஒரு அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி தலைமேல், இன்னொருவர் செருப்பு போடாதவர். பதினைந்து படங்களைக் கட்டுகூடப் பிரிக்கவில்லை. நேராக ரஃப் நோட்டுக்குப் போனார்கள். குடுமிக்காரர் டீக்கறையை முகர்ந்து, இதில் காலம் இருக்கிறது என்றார். கிழித்து ஒட்டிய பக்கத்தைக் காட்டி ஏன் கிழித்தாய் என்று கேட்டார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டு, கோபம் என்றாள். மூவரும் நிறுத்தாமல் தலையாட்டினார்கள். சோப்பு, பல்பு, கொசுவத்தியைப் பார்த்து, வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணின் குரல் என்றார் செருப்பு போடாதவர். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி வெளியே உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் முப்பத்தோராம் பக்கம் வந்தது, அந்த வெறும் வாய். தலைமேல் கண்ணாடி வைத்திருந்த அம்மா அதை மூக்கில் இறக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இத வரைஞ்ச கைக்கு எந்தப் பயமும் இல்ல" என்றாள்.

வெளியே பல்செட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று, நின்றது தெரிந்து மறுபடியும் உட்கார்ந்தார். உள்ளே மகள் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது காலேஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவில்தான் வகுப்பு. ஒரு டீச்சர், புடவையெல்லாம் களிமண், பதினைந்து படங்களையும் தரையில் பரப்பி நடுவே நடந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளில் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தாள். பல்செட்டுக்காரர் ரஃப் நோட்டை நீட்டினார். விண்ணப்பத்தில் கேட்காததை வாங்குகிற வழக்கமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வரும்போது பஸ்ஸில், மரியாதை தெரியாத காலேஜ் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஒரே வாரத்தில் இரண்டு கடிதமும் வந்தன. மலைக் காலேஜ் சீட்டுக் கொடுத்திருந்தது. முப்பத்தோராம் பக்கத்தைத் தங்கள் வரவேற்பறையில் மாட்ட அனுமதியும் கேட்டிருந்தது. பஸ் ஸ்டாண்ட் காலேஜும் சீட்டுக் கொடுத்திருந்தது. கூடவே ஒரு தாள், எண் போட்டுப் பதினொரு குறைகள். எல்லாப் படத்திலும் காது இறங்கியிருக்கிறது. கை வரையத் தெரியாததால் எல்லார் கையையும் கன்னத்து நிழலில் மறைத்திருக்கிறாய். உட்கார்ந்திருக்கிறவர்களின் எடை நாற்காலியில் இறங்கவில்லை. இப்படியே போய், ஏழாவதாக, வரைந்த பிறகு கோடுகளை அழித்திருக்கிறாய், அந்தப் பழக்கத்தை உடனே நிறுத்து.

வீட்டில் பேச்சுக்கே இடமில்லை என்று பல்செட்டுக்காரர் நினைத்தார். மனைவியின் தம்பி போன் பண்ணி, மலைக் காலேஜ் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள எடுப்பாக இருக்கும் என்றான். மனைவி பஸ் வசதியைப் பற்றி மட்டும் கேட்டாள். பல்செட்டுக்காரர் மகளை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். எதிர்காலம், பெரிய இடம், கண்ணாடிச் சுவர் என்று அடுக்கினார். பேசப் பேசத் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. பாதி ஆசை அந்த வரவேற்பறைச் சுவரைப் பற்றியது என்று அவருக்கு உள்ளே தெரிந்தது. தெரிந்தும் பேசினார்.

மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு குறைகள் எழுதிய தாளை மேஜைமேல் வைத்தாள்.

"அங்க போனா முதல் நாளே முப்பத்தோராம் பக்கம் மாதிரி இன்னொண்ணு போடச் சொல்வாங்கப்பா. அப்ப நான் யாரக் கூட்டிட்டுப் போறது?"

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்த ரூம்ல ஒருத்தர்கூட என் படத்தப் பாக்கல. இந்த டீச்சர் பாத்திருக்காங்க. இந்தப் பதினொண்ணுல பத்து என்னோடது. ஏழாவது மட்டும் உங்களோடது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மகளுக்குச் சீட்டு வாங்கித் தரப்போய், அவள் கை மேல் அவளுக்கிருந்த நம்பிக்கையில் கை வைத்துவிட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் ஸ்டாண்ட் காலேஜுக்கே போ என்று அவர் சொன்னபோது, அவள் ஏற்கெனவே சேர்க்கைப் படிவத்தில் பாதி நிரப்பியிருந்தாள்.

மலைக் காலேஜுக்கு வேண்டாம் என்று எழுத வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு படிவம் வைத்திருந்தார்கள். மறுப்பதற்கான காரணம், ஐம்பது வார்த்தைக்குள். மகள் அதை அப்பா பக்கம் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனாள். அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு எழுதினார்: 'நோட்டில் பன்னிரண்டு பக்கம் என் மகளுடையது. முப்பத்தோராம் பக்கம் உட்பட மீதி இருபத்தெட்டும் நான் வரைந்தவை. நான் பல்செட் செய்கிறவன்.' கீழே கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வருஷத்தில் தான் செய்த எதன் அடியிலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

தோளுக்குமேல் எட்டிப் படித்த மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நாமதான் வேண்டாம்னு சொல்லிட்டமே. அப்புறம் எதுக்குங்க இதெல்லாம் சொல்லணும்?"

"யாரு செஞ்சதுன்னு ஒருத்தருக்காவது தெரியட்டும்" என்றார்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு தபால் உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.