சவரியம்மாளைத் தேடாத நான்

நான் ஒரு கடிதத்தின் இரண்டு வரிகளை மட்டும் படித்துவிட்டு மீதியை மறைத்தவள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஏற்காட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மழைக்காலத்தில் மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறேன். "ஏனுங்க டீச்சர், நல்லாருக்கீங்களா" என்று கடைக்காரர் கேட்பதற்காகவே போய், தேவையில்லாத தீப்பெட்டி வாங்கி வந்திருக்கிறேன்.

இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் கோயிலுக்கு அந்தக் கடிதம் வந்தது. எழுதியவள் பெயர் லூர்து. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு படிக்க முடியாமல் இருந்த ஃபாதர், பூசை முடிந்ததும் எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

மண்சரிவில் வீடு போய், குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பதாக இரண்டு வரி. மீதி முழுவதும் அவளுடைய அக்காவைப் பற்றி. சின்ன வயதில் பிரிந்து, கப்பலேறி இந்தியா வந்த சவரியம்மாள் நாகலூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் இருப்பதாகக் கேள்வி. "உயிரோடு இருந்தால், நான் இருக்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்..."

அந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏன்? அக்காவைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். உதவி என்றால் ஆட்கள் கூடுவார்கள். அவர்களுக்காகக் கடிதம் எழுத ஒருத்தி வேண்டும், அது நானாக இருப்பேன். அன்று இவ்வளவு தெளிவாக யோசித்தேனா... தெரியவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் சிறு சங்கம் அப்படித்தான் தொடங்கியது. வியாழன்தோறும் ஏழெட்டுப் பேர் என் வீட்டில் கூடினார்கள். கம்பளி, பிள்ளைகளின் துணி, நோட்டு எல்லாம் மூட்டை கட்டி, கன்னியர் மடம் வழியாக அனுப்பினோம். லூர்துவின் குடும்பத்தோடு அங்கே பக்கத்துக் குடும்பங்களுக்கும் அனுப்பினோம்.

"இப்பத்தானுங்க டீச்சர் உங்க ஊடு ஊடு மாதிரி இருக்குது" என்றாள் அடுத்த வீட்டு ஸ்டெல்லா. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தும்விட்டேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் லூர்து கேட்டாள்: அக்கா கிடைத்தாளா? தேடுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன். நாகலூர் பஸ்ஸில் அரை மணி நேரம்.

தனக்கு உடம்பு முடியவில்லை என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அதன் பிறகுதான் நாகலூர் போனேன். அதற்குள் முதல் கடிதம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சவரியம்மாளுங்களா? போன மாசந்தானுங்க தவறிப்போச்சு. நொம்ப நாளாப் படுக்கைங்க. 'என் தங்கச்சி லூர்து இருக்குறாளோ இல்லியோ'ன்னு ஆரு போனாலும் கேக்கும். நீங்க சொந்தமுங்களா?"

இல்லை என்றேன். தண்ணீர் கொடுத்தார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

லூர்துவுக்கு உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால், "உங்கள் அக்கா பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்" என்று எழுதினேன். அவள் மனம் ஆறட்டும் என்றா? இல்லை... என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

பதில் வந்தது.

"எனக்காக எவ்வளவு அலைஞ்சிருப்பீங்க. இனிமே எனக்கு அக்கான்னா நீங்கதான்."

வியாழக்கிழமை வந்தவர்களுக்கு அந்தக் கடைசி வரியை மட்டும் படித்துக் காட்டினேன்; கேட்டு அழுதார்கள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விலக்கவில்லை.

அவர்கள் போன பிறகு பேனாவை எடுத்தேன். "அன்புள்ள தங்கச்சிக்கு" என்று தொடங்கினேன். இன்றும் மாதம் ஒருமுறை அப்படித்தான் எழுதுகிறேன்.