பந்தை மறைத்த மயில்

சொர்ணாம்பாள் செய்கிற சாமான் பார்க்கத்தான் லாயக்கு, புழங்க லாயக்கில்லை என்று விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பொய்யும் இல்லை. 1964இல், பதினாறு வயதில், ஃபியூஸ் கட்டை செய்கிற பட்டறையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாவது வாரமே, இவ்வளவு மொட்டையாக ஒரு சாமான் இருக்கலாமா என்று மனம் பொறுக்காமல், ஒவ்வொரு கட்டையின் மேலும் ஒரு செம்பருத்திப் பூ வைத்துவிட்டாள். பூ துருத்திக்கொண்டு நின்றதில் மீட்டர் பெட்டியின் கதவு சாத்தவில்லை. இருநூறு கட்டைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன, அவளும் வேறு பட்டறை தேட வேண்டியதாயிற்று.

ராஜாங்கத்தின் பொம்மைப் பட்டறையில் இடம் கிடைத்தது. அங்கே கிளி மாதிரி ஒரு டீ கெட்டில் செய்தாள். ஊரே மெச்சியது. ஆனால் கிளி மூக்கு கீழ்நோக்கி வளைந்ததுதானே, டீயும் அதே வழியில் வளைந்து ஊற்றுகிறவர் வேட்டியில் விழுந்தது. அதற்கப்புறம் ராஜாங்கம் அவளைப் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வரிசையில் உட்கார வைத்தவர்தான், எழுப்பவே இல்லை. அவள் செய்து, உதவாதென்று கழித்துப் போட்டதெல்லாம் வீட்டில் சேர்ந்தது. அவள் புருஷன் காத்தவராயன் எதையும் சொல்லிக்காட்டாத மனுஷன். கெட்டிலை மட்டும் எட்டி நின்று பிடிப்பார்.

1979இல் பட்டறையில் மாடல் பெஞ்சு காலியானது. புதுச் சாமான் எதுவானாலும் முதல் உருவத்தைக் கையால் செய்கிறவர் உட்காருகிற இடம் அது. அந்த உருவத்திலிருந்துதான் அச்சு எடுப்பார்கள், மற்றவர்கள் அச்சில் மண் கரைசலை ஊற்றுவார்கள். இருந்தவர் வேறு ஊருக்குப் போய் மூன்று மாதமாகியும் ராஜாங்கம் ஆள் போடவில்லை. சொர்ணாம்பாளுக்கு அந்தப் பெஞ்சு வேண்டும். அடுத்தவன் செய்த முகத்துக்குக் கண் எழுதியே கிழவியாகிவிடுவோமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம் வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மங்கலம்பேட்டை கியாசுதீன் பட்டறைக்கு வந்தார். துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை. லீவில் வந்தவர் ஒரு டி.வி.யும், அதில் பூட்டி விளையாடும் விளையாட்டுப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். மங்கலம்பேட்டைக்கு எந்த நிலையமும் எட்டாது, வெறும் டி.வி.யில் கொசுதான் பறக்கும். பெட்டியைப் பூட்டினால் மட்டும் ஓரத்துக்கொரு கோடும் நடுவே ஒரு பந்தும் தெரியும். குமிழைத் திருகிக் கோட்டை நகர்த்திப் பந்தைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு, அதைப் பார்க்கவே தெரு திரண்டது.

ஆனால் இப்போது அந்தப் பெட்டிக்கு மேல்மூடி இல்லை. அவர் மனைவி ஜுலைகா அதன் மேல் கொதிக்கிற கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டாள். பிளாஸ்டிக் இளகி அப்பளம்போலச் சுருண்டுவிட்டது. உள்ளே இருந்த மெஷினுக்குச் சேதமில்லை.

“அவள குத்தம் சொல்ல முடியாதுங்க,” என்றார் கியாசுதீன். “தட்டையா, பலகையாட்டம் இருந்திச்சு. இதுக்கு ஒரு பீங்கான் கூடு செஞ்சி குடுங்க. நான் கெளம்ப இருவத்தஞ்சு நாள் இருக்குது.”

ராஜாங்கம் தாமே பெட்டியை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு சொர்ணாம்பாளைக் கூப்பிட்டார்.

“சொர்ணம், இத நீ செய்யி. அவங்க வூட்ல இத வச்சி வெளையாடுனாங்கன்னா பெஞ்சு ஒனக்கு. இல்லன்னா கண்ணு எழுதறதோட சரி. அப்பறம் கேக்கக் கூடாது.”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புரியாத தலையிலிருந்து மயில்தான் வந்தது. பெட்டி முழுக்க மயிலின் உடம்பு, விரித்த தோகையில் இரண்டு குமிழ்கள், முன்னால் ஒரு முழ உயரத்துக்கு நிமிர்ந்த கழுத்து. சூளையிலிருந்து எடுத்தபோது கண் எழுதும் வரிசை மொத்தமும் எழுந்து வந்து பார்த்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மங்கலம்பேட்டை போனாள். கண்டக்டர் மயிலுக்கும் டிக்கெட் கேட்டார்.

ஜுலைகா மயிலைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மெஷினை உள்ளே பொருத்தி, அவளும் நாத்தனார் அஜீஸாவும் விளையாட உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம்கூட ஓடவில்லை. மயில் கழுத்து பந்தை மறைத்தது. எட்டிப் பார்க்க ஜுலைகா சாய்ந்தால் அஜீஸாவுக்கு மறைத்தது. குமிழைத் திருகினால் தோகையின் மேடு பள்ளத்தில் விரல் கணு இடித்தது. ஜுலைகா பதமாக மயிலைக் கழற்றி, துடைத்து, கண்ணாடி பீரோவில் வைத்தாள். மூடியில்லாத மெஷினை மணைக்கட்டையில் வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

“ரொம்ப அழகா இருக்குதுக்கா,” என்றாள் ஜுலைகா, திரும்பாமலே.

திட்டியிருந்தால்கூட சொர்ணாம்பாளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பீரோவில் வைக்கிற சாமான் எல்லாமே யாருக்கும் தேவைப்படாத சாமான்தான் என்று அன்றைக்கு அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. “இன்னொண்ணு செஞ்சித் தரேன் பாய்,” என்றாள் கியாசுதீனிடம். பட்டறைச் சூளை பத்து நாளைக்கு ஒரு முறைதான் எரியும். கியாசுதீன் கிளம்புவதற்குள் ஒரே ஒரு சூளை பாக்கி.

பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று அன்று பொழுது சாய்கிறவரை அங்கேயே உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் கைகளையே பார்த்தாள். பந்து வேகமானால் உள்ளங்கை ஊன்ற இடம் தேடுகிறது. ஒருவர் முழங்கை அடுத்தவரை இடிக்கிறது. யாராவது ஒருவர் கால் கட்டைவிரலால் மெஷினை நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பையிலிருந்து பிசைந்த மண் உருண்டையை எடுத்து, கியாசுதீன் கையில் கொடுத்து, குமிழைப் பிடிப்பதுபோல் அமுக்கச் சொன்னாள். முதலாளி எழுதிய தாளை நம்பாமல், பையில் இருந்த ஸ்கேலை எடுத்து மெஷினைத் தன் கையாலேயே அளந்தாள். இந்தத் தடவை ஒரு நூல்கூடத் தப்பக் கூடாது என்று வைராக்கியம்.

இரண்டாவது கூட்டில் மயிலும் இல்லை, கிளியும் இல்லை. முதுகு முழுக்க உருண்டை. எந்தச் சட்டியும் அதன் மேல் நிற்காது. இரண்டு கோடியிலும் குமிழ், குமிழுக்குப் பக்கத்தில் உள்ளங்கை தங்க ஒரு மேடு. அடியில் நான்கு ரப்பர் ஒட்ட இடம். பால் வெள்ளையில், நடுவே மயிரிழையாக ஒரே ஒரு நீலக் கோடு. அந்தக் கோட்டோடு நிறுத்திக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சூளை பிரித்த அன்று ராஜாங்கம் தம் தாளை வைத்து அளந்து பார்த்தார். முகம் மாறியது. மெஷின் இதற்குள் போகாது. நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்தது.

மண் சுட்டால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதற்காகவே பட்டறையில் ஒரு தனி ஸ்கேல் உண்டு, அதில் ஓர் அடி என்பது பதிமூன்று அங்குலத்துக்கும் மேல். வெளிச் சாமானைச் சாதா ஸ்கேலில் அளக்க வேண்டும், மண்ணைப் பட்டறை ஸ்கேலில் அளக்க வேண்டும். அப்போது சுட்டுச் சுருங்கி வருவது சரியாக வந்து உட்காரும். பதினைந்து வருஷமாகப் பையில் ஒரே ஸ்கேலோடு அலைகிறவள், மெஷினையும் அதே பட்டறை ஸ்கேலால் அளந்துவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் சறுக்கியது நன்றாகத் தெரிந்த படியில், அதுதான் பொறுக்க முடியவில்லை.

“நீயே போயி சொல்லிட்டு வா,” என்றார் ராஜாங்கம். பிறகு என்ன நினைத்தாரோ, “இரு, நானும் வரேன்,” என்று சட்டையை மாட்டினார்.

மறுநாள் கியாசுதீனுக்குப் பயணம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவரிடம் சொர்ணாம்பாள் கூட்டை நீட்டி, “அளவு தப்பிடுச்சு பாய். மெஷினு இதுக்குள்ள போவாது,” என்றாள். அவர் வாங்கிக் கீழே வைத்தார். ஜுலைகா வந்து அதன் மேல் கை வைத்தாள். கியாசுதீன் கைக்கு அளவெடுத்துச் செய்த மேடு சுருங்கியதில், அவள் உள்ளங்கை அதில் கச்சிதமாகப் பொருந்தியது. கையை எடுக்காமலே கணவரிடம் சொன்னாள்.

“என்னங்க, மெஷினு எதுக்கு எங்க நடுவுல ஒக்காரணும்? அத டி.வி.க்குப் பின்னால போட்டுட்டு, திருவற குமிழ மட்டும் ஒயர இழுத்து இதுல வச்சிக் குடுங்க. நாளைக்கு நீங்க போயிடுவீங்க. வெளையாடப் போறது நாங்கதான.”

கியாசுதீன் மனைவியை ஒரு தரம் பார்த்தார். பிறகு கட்டிய பெட்டியைப் பிரித்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மத்தியானத் தொழுகைக்கு லுகர் பாங்கு சொல்வதற்குள் வேலை முடிந்தது. ஜுலைகாவும் அஜீஸாவும் ஆளுக்கொரு கோடியில், டி.வி.யை விட்டுத் தள்ளி, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தார்கள். யார் முழங்கையும் யாரையும் இடிக்கவில்லை. கியாசுதீன் தமக்கு ஓர் ஆட்டம் கேட்டார். மேடு அவர் கைக்குப் போதவில்லை, ஏழு பந்து விட்டார், எழுந்துவிட்டார். வந்தவர்களுக்கு டீ கொடுக்கக்கூட ஜுலைகா எழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ராஜாங்கம் கேட்டார்.

“மெஷின வெளிய வைக்கலாம்னு முன்னாடியே யோசிச்சியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெஞ்சு கைக்கு வந்துவிடும். சொர்ணாம்பாள் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்ல மொதலாளி. பட்டற ஸ்கேலுலயே அளந்துட்டன். அது தப்புதான். ஆனா கை எங்க வைப்பாங்கன்னு பாத்து செஞ்சன் பாருங்க, அது தப்பில்ல.”

ராஜாங்கம் விருத்தாசலத்தில் இறங்கும்போது சொன்னார்: “காலைல வந்ததும் மொத வேலையா அந்த ஸ்கேலுக்குச் செவப்புப் பெயிண்ட அடி. அப்பறம் பெஞ்சுல போயி ஒக்காரு.”

மறுநாள் காலையில் பெயிண்ட் காயும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. பெஞ்சுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலின் ஒரு கால் குட்டை, உட்கார்ந்தால் ஆடியது. இத்தனை நாள் இதில் ஒருவர் எப்படித்தான் உட்கார்ந்து வேலை பார்த்தாரோ என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தும் அவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.