பட்டாணிப் பாத்தியில் ஐஸ்

பச்சைப் பட்டாணியைக் கண்டாலே எனக்குக் குமட்டும். குருமாவில் கிடந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ரெங்கம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை பங்களாவின் காய்கறிப் பாத்தியில் வேலை பார்த்த காலத்தில் பிடித்த அருவருப்பு அது.

வெயிலில் காயும் வெளிக்காட்டு வேலையிலிருந்து என்னைப் பங்களாவுக்கு மாற்றியபோது, லயத்து வரிசை வீடுகளில் என்னோடு இருந்த பெண்களுக்குப் பொறாமை. நிழலில் வேலை என்று நினைத்தார்கள். நாற்றத்தில் வேலை என்பது போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. துரையின் மனைவி, அதாவது துரைசானி, தன் ஊர்க் காய்கறிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். முட்டைக்கோஸ், காரட், எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டாணி. எதை எப்போது விதைப்பது என்று அவர் ஊர்ப் புத்தகத்தில் போட்டிருந்ததாம். பனி உருகி மண் சில்லென்று இருக்கும்போதே பட்டாணி. குளிர் விட்ட பிறகுதான் அவரை. அவர் இங்கிலீஷில் வாசிக்க, தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா எனக்குத் தமிழில் சொல்வார். பனியை நான் எங்கே கண்டேன்? காலையில் வெயில், மத்தியானம் மழை, அப்புறம் புழுக்கம். வருஷம் முழுக்க எங்களுக்கு அதுதான்.

புத்தகம் சொன்னபடி மார்ச்சில் போட்ட விதை அழுகியது. ஊறி வெடித்ததையெல்லாம் கையால் தோண்டி எடுக்கச் சொன்னார். கருவாட்டுத் தூள் உரமும் அழுகின விதையும் சேர்ந்து விரலில் கொழகொழவென்று ஒட்டும். சீ! அதே கையால்தான் சோறு தின்ன வேண்டும். மறுபடி போட்டதில் முளைத்ததை நத்தை தின்றது. நத்தைகளைப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதும் என் வேலைதான். அவை நுரை கக்கிச் சாவதைப் பார்த்த நாட்களில் எனக்குச் சாப்பாடே இறங்காது.

கடைசியில் துரைசானி ஒரு வழி கண்டுபிடித்தார். மாதம் சரிதானாம், குளிர்தான் குறைச்சலாம். அதனால் குளிரை ரயிலில் வரவழைத்தார். துரை குடிப்பதற்காக மரத்தூளில் புதைத்து, சாக்கில் கட்டி, வாராவாரம் ரெங்கம் ஸ்டேஷனில் ஐஸ் இறங்கும். இனிமேல் அதில் பாதி பட்டாணிக்கு. விதைத்த பாத்தியின் மேல் நான் அதை உடைத்துப் பரப்ப வேண்டும். பைத்தியக்காரத்தனத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

அந்த வாரம் பார்த்து என் மகளுக்குக் காய்ச்சல். பால்பல் விழாத பிள்ளை. உடம்பு அனலாகக் கொதித்தது, கண் சொருகியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரசர் கொயினா மாத்திரை கொடுத்தார்.

"நெத்தியில ஐஸ் வச்சு ஒத்தி எடுத்தா சூடு இறங்கும்மா. இங்க ஐஸுக்கு எங்க போறது?" என்றார்.

எங்கே போவதென்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கிராணி ஐயாவிடம் போய் நின்றேன்.

"ஐயா, ஒரு துண்டு போதுங்க. புள்ள கண்ணே தொறக்கல. துரைசானி அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

உள்ளே போய்விட்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இண்டைக்கு விதைக்கிற நாளாம். பாத்திக்கே காணாதாம். அடுத்த கிழமை பாப்பமாம்."

அடுத்த கிழமை! அதுவரை என் பிள்ளை இருக்க வேண்டாமா? பங்களா வாசலிலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு பாத்திக்குப் போனேன்.

துரைசானி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உடைத்துப் பரப்பிக்கொண்டே போனேன். வாழைமரம் மறைக்கிற கடைசி மூலை வந்ததும், அந்த மூலைக்கான ஐஸை மட்டும் பரப்பாமல் சோற்றுத் தூக்கில் அள்ளிப் போட்டு மூடினேன். அவசரத்தில் கையில் ஒட்டியிருந்த உரமும் சேர்ந்து வந்துவிட்டது. லயத்துக்குக் கொண்டுபோய்க் கழுவியதில் பாதி கரைந்தது. மிச்சத்தைத் துணியில் சுற்றி மகள் நெற்றியில் வைத்தேன். கருவாட்டு நாற்றம் மட்டும் போகவே இல்லை. சாயங்காலம் அவளுக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்து, "அம்மா, நாறுது" என்று முகம் சுளித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஐஸ் உருகிச் சேறான பாத்தி பழையபடி அழுகிப்போனது. மறுபடி என் விரல்கள், மறுபடி அந்தக் கொழகொழப்பு. முளைத்து நின்றது ஐஸ் படாத அந்த மூலை மட்டும். துரைசானி ஓடிவந்து பார்த்துக் கைதட்டாத குறை. அவர் சொன்னதைக் கிராணி ஐயா எனக்குச் சொன்னார்.

"இந்த மூலையிலதான் குளிர் சரியாப் பிடிச்சிருக்காம். மற்றப் பக்கத்துக்கு ஐஸ் காணாதாம். அடுத்த விதைப்புக்கு இரண்டு மடங்கு ஐஸ் வருமாம்."

அப்போது எங்கள் லயத்தில் வேறு வீட்டுப் பிள்ளைகளும் காய்ச்சலில் கிடந்தார்கள். சரிங்க ஐயா என்று தலையாட்டினேன். அடுத்த விதைப்பு நாளன்று தூக்கை வீட்டில் வைத்துவிட்டு, வாளியோடு போனேன்.