பதினெட்டும் இருபத்துமூன்றும்

என்னைப் பற்றி என் மச்சான் குருநகர் முழுக்கச் சொல்லித் திரிகிற பகிடி ஒன்று உண்டு. "அத்தான் எல்லாத்திலையும் ரெண்டு வைச்சிருப்பார். கலியாணமும் ரெண்டு செய்திருப்பார், அக்கா விடேல்லை." அவன் என் மனைவியின் தம்பி. முதுகில் ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலட்டைக்குச் சுழியோடுகிறவன். ஒன்றே ஒன்று. அது முடிந்தால் மேலே வருவான், வந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வளைகுடா நாடொன்றில் எண்ணெய்க் குழாய்களுக்கு அடியில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். ஆழத்துக்குப் போகிறவனிடம் எது பழுதானாலும் அதற்குப் பதிலாக இன்னொன்று இருக்கவேண்டும். அங்கே எனக்கு அடித்து அடித்துச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். இரண்டு சிலிண்டர், இரண்டு வாய்க்குழாய், இரண்டு விளக்கு, இரண்டு கத்தி. மேலே ஏறும்போது நின்று நின்று மூச்செடுக்கவும் தனிச் சிலிண்டர்கள், அவற்றுக்கும் மாற்று. இந்தப் புத்தியால்தான் நான் இன்றைக்கு இரண்டு காலில் நடக்கிறேன். அதே புத்தியைத்தான் நினைத்து நினைத்து நோகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். புருஷனை முன்னமே நோய் கொண்டுபோய்விட்டது. ஒரே மகன் பலநாள் படகில் தொழிலுக்குப் போனான். வடமராட்சி கிழக்குக்கு வெளியே, ஆழக் கடலில், ஒரு விடியற்காலை படகு தாண்டுபோனது. மேலே நின்ற இருவர் நீந்தித் தப்பினார்கள். இவன் கபினுக்குள் நித்திரையாகக் கிடந்தான். சில மாதங்களில் அந்தப் பக்கம் போன வலைகள் புதிதாக ஓரிடத்தில் சிக்கிக் கிழியத் தொடங்கின. படகு எங்கே கிடக்கிறது என்று தொழிலாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. ஆழம் அறுபது மீற்றருக்குக் கொஞ்சம் மேலே.

அக்கா நேரே என்னிடம் வந்தார். கேட்கவேண்டிய இடமெல்லாம் கேட்டுக் களைத்துப்போய் வந்திருந்தார்.

"தம்பி, ஒரு எலும்பெண்டாலும் எடுத்துத் தா. அவனைத் தேப்பனுக்குப் பக்கத்திலை வைக்கவேணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை."

"பாப்பம் அக்கா" என்றேன். ஊரில் "பாப்பம்" என்றால் பாதி "ஓம்" என்றுதான் அர்த்தம். அடுத்த கிழமையே அவர் மேசனைப் பிடித்து, சேமக்காலையில் புருஷனின் கல்லறைக்குப் பக்கத்தில் சீமெந்துக் கட்டுக் கட்டிவிட்டார். உள்ளே வெறும் மணல். அதைக் கண்ட நாளிலிருந்து எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

அந்த ஆழத்துக்குச் சாதாரணக் காற்றோடு போனால் தலை கள்ளுக் குடித்ததுபோல் ஆகிவிடும். கபின் வாசல் எது, நான் யார் என்பதே மறக்கும். அதனால் காற்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஹீலியம் கலக்கவேண்டும். ஒட்சிசனையும் குறைக்கவேண்டும். மேலே உயிர் தருகிற அதே ஒட்சிசன் அங்கே கூடினால் வலிப்பு வரும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் அதோடு சரி. நான் போட்ட கணக்கு நூற்றுக்குப் பதினெட்டு ஒட்சிசன், நாற்பத்தைந்து ஹீலியம், மிச்சம் நைதரசன். இருபது நிமிடம் கீழே நின்றால், உடம்பில் ஏறிய வாயு மெல்ல மெல்ல வெளியேற நின்று நின்று மேலே வர ஒன்றரை மணித்தியாலம்.

யாழ்ப்பாணத்தில் ஹீலியத்துக்கு எங்கே போக? கலியாண மண்டபத்துக்குப் பலூன் கட்டுகிற கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எத்தினை பலூனுக்கு அண்ணை?" என்றார். சுவாசிக்க என்றதும் மனுஷன் பயந்துபோய், "ஐயோ, எங்கடை காஸ் சுத்தமெண்டு சொல்லேலாது, ஆளை விடுங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நேர்மையான ஆள். பிறகு கொழும்பிலிருந்து சுத்தமானதை வரவழைத்தேன்.

மச்சானைப் பழக்குவது இன்னொரு கூத்து. கோடை முழுக்க அவனை ஆழம் குறைந்த இடங்களில் இறக்கி, இருட்டுக் கண்ணாடி மாட்டி, வால்வுகளைத் தடவித் திருகப் பழக்கினேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தான். அக்காவின் மகன் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன். அதனால்தான் செய்தான், எனக்காக இல்லை.

வாடைக்காற்று தொடங்குமுன், ஐப்பசியில் கடல் கடைசியாக ஒருக்கால் அடங்கியது. சிலிண்டர்களை நிரப்பி, என் பழைய கருவியால் ஒட்சிசனை அளந்தேன். பதினெட்டு. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இது அக்காவின் பிள்ளைக்காகப் போகிற பயணம், எதிலும் குறை வைக்கக்கூடாது என்று இன்னொரு ஒட்சிசன் கருவிக்கும் கொழும்புக்குச் சொல்லிவிட்டிருந்தேன். புறப்படும் விடியற்காலைதான் அது கொழும்புப் பஸ்ஸில் பார்சலாக வந்து சேர்ந்தது. மச்சான் ஓடிப்போய் எடுத்துவந்தான்.

இடத்துக்குப் போனதும், எங்கள் படகின் ஓட்டி அண்ணை ஆழம் காட்டும் திரையைக் காட்டினார். கீழே ஒரு முழுப் படகு, கபின் மேடு தனியாகத் தெரிய, அப்படியே குந்தியிருந்தது. மச்சான் சிலுவை போட்டுக்கொண்டான்.

சிலிண்டரை மாட்டுமுன் கடைசியாக ஒருமுறை அளப்பது என் வழக்கம். பழைய கருவி பதினெட்டு என்றது. புதியது இருபத்துமூன்று என்றது.

வெறுங்காற்றில் இரண்டும் ஒன்றாகவே இருபத்தொன்று காட்டின. ஏறும்போது மூச்செடுக்க வைத்திருந்த சுத்த ஒட்சிசனிலும் இரண்டும் ஒத்துப்போயின. கலவையில் மட்டும் சண்டை. மாறி மாறி வைத்துப் பார்த்தேன். பதினெட்டு, இருபத்துமூன்று. பதினெட்டென்றால் போகலாம். இருபத்துமூன்றென்றால் கீழே இரண்டு பேருக்கும் வலிப்பு.

"நேற்றுப் பாத்தனீங்கள்தானே அத்தான்? பழசு எந்த நாளும் சரியாத்தானே காட்டினது?"

"இண்டைக்குப் பிழை காட்டாதெண்டு நீ சொல்லுவியோ?"

"அப்ப நான் காத்திலையே போறன். நீங்கள் இருங்கோ."

"விசரோடா உனக்கு? கதவடி தெரியாமல் அங்கேயே கிடக்கப்போறியோ? ஒருத்தனை எடுக்கப் போய் இன்னொருத்தனைக் குடுக்கச் சொல்லுறியோ?"

கத்திவிட்டேன். ஓட்டி அண்ணை மறுபக்கம் பார்த்தார். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அப்படியொரு அமைதியை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் காணவில்லை. படகைத் திருப்பச் சொன்னேன். மச்சான் எனக்கு முதுகைக் காட்டியபடி சிலிண்டர்களின் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

கரையில் அக்கா நின்றார். கையில் வெள்ளைச் சீலை ஒன்று மடித்தபடி. எங்கள் முகத்தைக் கண்டதும் அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். நான் விளக்கம் சொன்னேன், ஹீலியம், ஒட்சிசன், இரண்டு கருவி எல்லாம். பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, நீங்கள் ரெண்டு பேரும் வந்து சேந்திட்டியள்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்துத் திருகோணமலையிலிருந்து ஒரு சிநேகிதனின் கருவி வந்தது. அதே சிலிண்டர்களை அளந்தோம். பதினெட்டு. கலவையில் ஒரு குறையும் இருக்கவில்லை. புதிய கருவி ஹீலியத்துக்குச் சரிவராத வகையாம். பெட்டியில் எங்கேயும் அப்படி எழுதியிருக்கவில்லை. விற்றவரைத் தொலைபேசியில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்காவிடமும் உள்ளதைப் போய்ச் சொன்னேன். என்ன பிரயோசனம்? அதற்குள் வாடை தொடங்கிவிட்டது.

கடல் மறுபடி அடங்கியது பங்குனியில்தான். போனோம். திரையில் அந்த மேடு இல்லை, தட்டையாக ஏதோ கிடந்தது. இறங்கிப் பார்த்தோம். மாரியில் இழுவைப் படகுகளின் மடிவலைகள் சிக்கியும் நீரோட்டம் அடித்தும் படகு புரண்டு பிளந்திருந்தது. கபினின் மேற்பலகையைக் காணவில்லை. இருந்த இடத்தில் மணலும் கிழிந்த வலையும். மச்சான் இருபது நிமிடமும் கையால் மணலைத் தோண்டினான். விளக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுத்தான் அவனை மேலே கொண்டுவந்தேன். ஆறு மீற்றரில் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கிக் கிடந்த அந்த நீண்ட நேரம், அவன் கண்ணாடிக்குள் அழுததைப் பார்த்தேன். பார்க்காமல் எங்கே திரும்புவது? எதிரெதிரே தொங்குகிறோம்.

ஐப்பசியில் இறங்கியிருந்தால் பிள்ளை அங்கே இருந்திருப்பான். இதை யாரும் எனக்கு நிரூபிக்கவேண்டியதில்லை. அந்தத் திரையை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்த வருஷம் நவம்பரில், ஆத்துமாக்கள் தினத்தன்று பின்னேரம் சேமக்காலைக்குப் போனோம். மனைவியும் மச்சானும் அவர்களின் தகப்பனான மாமாவின் கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி அக்கா, புருஷனின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த வெறுங்கட்டின் தலைமாட்டிலும் ஒன்றை மணலில் நட்டுக் கொளுத்தினார். நான் கிட்டப் போய் நின்றேன்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கப்படாது."

"கேளுங்கோ அக்கா."

"அண்டைக்கு நீ அந்தப் பழைய மெசினை மட்டும் கொண்டு போயிருந்தா, கீழ போயிருப்பாய், என்ன?"

ஒரு வருஷமாக இதை அவர் மனதுக்குள் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார். எனக்கு இருந்த அதே கணக்கு. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஓம் அக்கா."

"போயிருந்தா அவனைக் கொண்டு வந்திருப்பாய்."

"ஓம்."

தலையை ஆட்டினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும். அவர் குனிந்து, சரிந்திருந்த மெழுகுதிரியை நிமிர்த்தி, அடியில் மணலைக் கூட்டி அமர்த்தினார். பிறகு நிமிர்ந்து, மாமாவின் கல்லறைப் பக்கம், தண்ணீர்ப் போத்தலோடு நின்ற மச்சானைப் பார்த்தார்.

"உவனைக் கூட்டிக்கொண்டு இனியும் கடலுக்கை போவாய்தானே. போகேக்கை ரெண்டு மெசினையும் கொண்டு போ."

அவர் பெட்டியில் மிச்சமிருந்த மெழுகுதிரி ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். அந்த வெறும் மணலில் அதை நானே நட்டேன்.